அரிசிக் கூடையும் கைப்பையும்: ஜப்பானின் ஒகு ஐசு கொடிப்பின்னல் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தின் மேற்கே, தடாமி ஆற்றின் கரைகளிலும் அதை ஒட்டிய மலைச்சரிவுகளிலும் சிதறிக் கிடக்கும் மிஷிமா என்னும் சிற்றூரில் இன்று ஆயிரத்து ஐந்நூறு பேர்கூட வசிக்கவில்லை. காட்டுத் திராட்சைக் கொடியின் பட்டை, மட்டட்டபி என்னும் ஏறுகொடியின் தண்டு, ஹிரோரோ என்னும் கோரை இனப் புல் ஆகிய மூன்றையும் கொண்டு இந்த ஊரின் வீடுகளில் பின்னப்பட்டு வந்த கூடைகளும் பைகளும் வடிகூடைகளும் 2003 செப்டம்பரில் ‘ஒகு ஐசு அமிகுமி’ வேலைப்பாடு என்ற பெயரில் ஜப்பான் அரசின் மரபுக் கைவினைப் பொருள்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இடம்பெறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, விற்பனையை இரண்டாம் இடத்தில் வைத்து, தன் வீட்டுக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்ளும் பழக்கத்தை மீட்பது என்று இந்த ஊர் முடிவெடுத்திருந்தது. அந்த முடிவு ஏன் பலித்தது, பலித்த பிறகு எங்கே தடம் மாறத் தொடங்கியது என்பதே இந்த ஆய்வின் பொருள். என் கணிப்பில், இதற்கான விடை இன்று புகழ்பெற்றிருக்கும் கொடிப்பட்டைக் கைப்பையைவிட, யாரும் அதிகம் பேசாத அரிசிக் கூடையில்தான் தெளிவாகக் கிடைக்கிறது.

பனியும் கொடியும்

மிஷிமா அமைந்திருக்கும் ஒகு ஐசு என்னும் மலைப்பகுதி, உலகிலேயே மிகுதியாகப் பனி பொழியும் மக்கள் வாழிடங்களுள் ஒன்றாகிய ஜப்பான் கடலோரப் பனிநாட்டின் உள்விளிம்பில் இருக்கிறது. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, நாட்டின் முதுகெலும்பாக நிற்கும் மலைத்தொடரில் மோதி, அவ்வளவையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வயலில் வேலை ஏதும் இல்லை. கூரையிலிருந்து பனியை இறக்குவதும் பாதையை மிதித்துத் திறப்பதும் போக மிஞ்சும் நேரம் முழுவதும் வீட்டுக்குள்தான். வைக்கோல் செருப்பு, கயிறு, பாய், முதுகுக் கூடை என்று அடுத்த ஆண்டுக்கு வேண்டிய எல்லாமே அந்த நான்கு மாதங்களில் அடுப்பங்கரையில் உருவானவை.

ஜப்பானியக் கூடை என்றவுடன் பெரும்பாலோருக்கு மூங்கில்தான் நினைவுக்கு வரும். கியூஷூ தீவின் பெப்பு, மேற்கு ஜப்பானின் பல ஊர்கள் ஆகியவற்றின் புகழ் அப்படி. ஆனால் பிளாச்சு எடுப்பதற்கேற்ற தடித்த மூங்கில் வெதுவெதுப்பான நிலத்தின் பயிர். ஆளுயரத்துக்கும் மேல் பனி படியும் வடகிழக்கு மலைகளில் அது நன்றாக வளர்வதில்லை. அதனால் இங்குள்ளவர்கள் கைக்கு எட்டியதை எடுத்தார்கள். மேலும் வடக்கே அவோமோரி மாகாணத்தின் ட்சுகாரு பகுதியில் தரையோடு படரும் அகெபிக் கொடியை உரிக்காமல் முழுத்தண்டாகவே பின்னுகிறார்கள். ஒகு ஐசுவில் கொடியை அப்படியே பயன்படுத்துவது குறைவு. ஒன்றில் பட்டையை மட்டும் உரிக்கிறார்கள், இன்னொன்றில் தண்டைப் பிளந்து உள்ளிருக்கும் நெட்டியை நீக்கிவிடுகிறார்கள், மூன்றாவதில் இலையைக் கயிறாகத் திரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அறுவடைக் காலமும் பக்குவமும் பயனும் வேறு. இந்த மூன்றையும் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது 2003ஆம் ஆண்டின் அரசு ஆணைதான். அதற்கு முன்பு இவை வீட்டு வேலைகளாகவே இருந்தன.

இந்தக் கைப்பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ஊருக்குள்ளேயே சான்று உண்டு. மிஷிமாவிலுள்ள அரயாஷிகி அகழாய்வுத் தளத்தில், ஜப்பானின் வரலாற்றுக்கு முந்தைய ஜோமோன் காலத்தின் இறுதிக் கட்டத்தைச் சேர்ந்த அடுக்குகளிலிருந்து, ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட முறுக்குக் கயிறுகளும் பின்னல் துண்டுகளும் கிடைத்தன. தாவர நார் மண்ணில் இத்தனை காலம் கெடாமல் கிடைப்பது அரிது. காற்றுப் புகாத ஈரமண் இருந்தால்தான் நடக்கும். இதை வைத்துக்கொண்டு அன்றைய கைகளுக்கும் இன்றைய கைகளுக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி இருந்தது என்று விளம்பர ஏடுகள் எழுதுவதுபோல் எழுதிவிட முடியாது. மனிதர் இந்தப் பள்ளத்தாக்கில் குடியிருந்த காலமெல்லாம் இதே காடு இதே வகைச் செடிகளைக் கொடுத்து வந்திருக்கிறது என்று சொன்னால் போதுமானது.

மூன்று அறுவடைகள்

ஆண்டின் முதல் அறுவடை காட்டுத் திராட்சை. யமபுடோ என்று அழைக்கப்படும் இந்தக் கொடி பெருமரங்களின் உச்சிவரை ஏறுவது. அடித்தண்டு மனிதக் கையளவு தடிப்பதும் உண்டு. ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை, மழைக்காலத்தில் கொடி நீரை உறிஞ்சி மேலேற்றும் சில வாரங்களில் மட்டுமே பட்டை தண்டிலிருந்து சுத்தமாகக் கழன்று வரும். அந்த நாள்கள் தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். சொரசொரப்பான வெளிப்பட்டையை அகற்றிவிட்டு அதன் கீழிருக்கும் இரண்டாம் பட்டையை நீளவாக்கில் உரித்து, சுருட்டி, நிழலில் காயவைக்கிறார்கள். காய்ந்த பட்டை ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். வேண்டும்போது நீரில் ஊறவைத்து, உருண்டையான விளிம்பில் முன்னும் பின்னுமாக இழுத்து இழுத்துப் பதப்படுத்தி, ஒரே அகலமுள்ள வார்களாக அறுத்துக்கொண்டு, மர அச்சைச் சுற்றிப் பின்னுகிறார்கள். முடிந்த பொருள் தோலுக்கு நிகரான உறுதியோடு இருக்கும். கைபடக் கைபட நிறம் ஆழ்ந்து பளபளப்பு ஏறும். பழைய நாளில் இது கத்திவாளின் உறையாகவும் மலையேறுவோரின் இடுப்புக் கூடையாகவும் இருந்தது. முள்ளும் பாறையும் மழையும் பட்டுக் கிழியாத பொருள் அந்த வேலைகளுக்குத்தான் தேவைப்பட்டது.

இரண்டாவது ஹிரோரோ. வசந்தத் தொடக்கநாளிலிருந்து எண்ணி 210ஆம் நாள், அதாவது செப்டம்பர் முதல் தேதியை ஒட்டி, சூறாவளிகளுக்கு அஞ்சி ஜப்பானிய உழவர்கள் குறித்துவைத்திருக்கும் அந்த நாளுக்குப் பிறகு, மலை அடிவாரத்தின் ஈரநிழலில் வளரும் இந்தப் புல்லைப் பிடுங்குகிறார்கள். நம் பாய்க்கோரையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காயவைத்து, ஈரப்படுத்தி, கட்டையால் அடித்து மென்மையாக்கி, மெல்லிய கயிறாகத் திரித்து, அந்தக் கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பின்னி முதுகுப்பையாகவோ தோள்பையாகவோ ஆக்குவார்கள். முழு வேலையில் பின்னுவதற்கு ஆகும் நேரத்தைவிடக் கயிறு திரிப்பதற்கு ஆகும் நேரமே அதிகம். எடை குறைவு, வலைபோன்ற இழைநெசவு, காற்றோட்டம் ஆகியவற்றால் மலைக்கீரைகளைச் சுமக்க இது உகந்தது.

மூன்றாவதாகிய மட்டட்டபியிடம் சற்று நின்று பேச வேண்டும். பூனைகள் கண்டால் மேலே விழுந்து புரளுமே, அந்தச் செடிதான் இது. பூனைகள் அப்படிப் புரள்வதால் ரோமத்தில் படியும் நெப்பெட்டலாக்டால் என்னும் பொருள் கொசுவை விரட்டுகிறது என்று இவாத்தே பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற ஆய்வு 2021இல் வெளியானது. கூடைக்காரர்களுக்கு இலையால் பயனில்லை. இலை உதிர்ந்து, பனி விழுவதற்கு முன்னுள்ள நவம்பர் வாக்கில், அந்த ஆண்டு நேராக வளர்ந்த இளந்தண்டுகளைத் தேடி வெட்டி வருகிறார்கள். மேல்தோலைச் சுரண்டி எடுத்து, தண்டை நான்காகப் பிளந்து, உள்ளிருக்கும் மெத்தென்ற நெட்டியை நீக்கி, அகலமும் கனமும் ஒன்றுபோல் வரும்படி சீவிச் சமன்செய்கிறார்கள். தண்டு காய்ந்து இறுகிவிட்டால் பிளப்பது கடினம் என்பதால் பச்சையாக இருக்கும்போதே இவ்வளவும் நடந்தாக வேண்டும். அதாவது இது குளிர்காலத்துக்கென்றே அமைந்த வேலை. சதுரமான அடிப்பகுதியிலிருந்து நான்கு பக்கமும் பின்னி எழுப்பி, மேலே வட்டமாகத் திருப்பி ஓரம் கட்டி முடித்த கூடையை வீட்டு இறவாணத்தின் கீழே பனியிலும் குளிர்காற்றிலும் வாரக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் ஈரமும் உறைவதும் உருகுவதுமாக அதன் பச்சைநிறம் வெளுத்து, இழைகள் இறுகி, வெள்ளையான, உறுதியான கூடை கிடைக்கிறது.

அது அரிசி களையும் கூடை. வடிகூடையில் அரிசியைக் கொட்டி நீரில் அமிழ்த்தி உள்ளங்கையால் அழுத்திப் பிசைந்து கழுவுவது பழைய ஜப்பானியச் சமையலறையின் அன்றாட முதல் வேலை. மூங்கில் பிளாச்சின் விளிம்பு கூர்மையானது. கவனமில்லாவிட்டால் கையைக் கீறும், அரிசியும் உடையும். மட்டட்டபியின் இழை நீரைக் குடித்தவுடன் நெகிழ்ந்துகொடுக்கும் இயல்புடையது. கை வலிப்பதில்லை, மணிகள் இடுக்கில் சிக்கினாலும் தட்டினால் உதிர்ந்துவிடுகின்றன, நீர் நின்றுவிடாமல் உடனே வடிகிறது. சோபா நூடுல்ஸ் வடிப்பதற்கும் காய்கறி கழுவுவதற்கும் இதே கூடைதான். ஒவ்வொரு நாளும் நீரில் நனைந்து, கையால் தேய்க்கப்பட்டு, நிழலில் காய்ந்து, மீண்டும் நனையும் ஒரு பொருளுக்கு எது தேவையோ அதையெல்லாம் இந்தக் கொடியின் இயல்பே கொடுத்துவிடுகிறது. செய்பவர் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். வீட்டு உபயோகத்துக்கான கூடை என்று ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வீழ்ச்சி

இந்தக் கூடைகளைப் பிளாஸ்டிக் கொன்றது என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். அது பாதி உண்மை. 1950களிலும் 60களிலும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மலைக்கடைகளுக்கு வந்ததும், ஒரு வாரம் பின்னி எடுக்கும் வடிகூடைக்கு ஈடான ஒன்று சில நாணயங்களுக்குக் கிடைத்ததும் மெய்தான். ஆனால் பின்னும் நேரத்தையே பறித்துச் சென்றவை வேறு. தடாமி ஆற்றில் 1946இல் மிஷிமாவிலேயே மியாஷிதா அணை முடிந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மேல்நோக்கித் தாகோகுரா வரை அணைவரிசை எழுந்து, தோக்கியோவுக்கும் வடகிழக்கு நகரங்களுக்கும் மின்சாரம் போகத் தொடங்கியது. கட்டுமானக் கூலியும், அதன் பிறகு குளிர்காலத்தில் தலைநகர்ப் பகுதிக்கு வேலைதேடிப் போகும் பழக்கமும், பனியில் அடைந்து கிடந்த நான்கு மாதங்களையும் பணம் ஈட்டும் மாதங்களாக மாற்றிவிட்டன. அடுப்பங்கரையில் மிஞ்சியவர்கள் முதியவர்கள்.

காடும் மாறிற்று. போருக்குப் பின்னர் அரசு ஊக்குவித்த விரிவான மரநடவில், பல்வகை இலையுதிர் மரங்கள் நின்ற சரிவுகள் ஜப்பான் முழுவதும் சுகி என்னும் ஊசியிலை மரத் தோட்டங்களாயின. தோட்டக்காட்டில் ஏறுகொடி என்பது வெட்டி எறிய வேண்டிய களை. இளமரத்தைச் சுற்றி நெரித்துவிடும் என்பதால் கொடி வெட்டுவதே வனப்பராமரிப்பின் ஒரு தனிவேலை. கூடைக்காரரும் வனக்காரரும் ஒரே கொடியை எதிரெதிர்க் கண்களால் பார்த்தார்கள் என்பது இந்த வரலாற்றில் அடிக்கடி விடுபட்டுப்போகும் செய்தி.

பனிநாட்டுக் கைவேலையைக் காப்பாற்ற முன்பும் முயற்சி நடந்ததுண்டு. 1933இல் அரசு யமகட்டா மாகாணத்தின் ஷின்ஜோவில் பனிநாட்டு உழவர் பொருளாதார ஆய்வு நிலையத்தை நிறுவி, குளிர்கால வேலையைப் பணமாக்கும் வழிகளைத் தேடியது. 1940இல் வணிக அமைச்சகத்தின் அழைப்பில் வந்த பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லோட் பெரியான் அந்த நிலையத்தோடு இணைந்து, உள்ளூர் வைக்கோல் வேலையைப் புதிய நாற்காலி விரிப்புகளாக்கிக் காட்டினார். அழகான பொருள்கள்தாம், ஆனால் அவற்றைப் பின்னியவர்களின் வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. வெளியிலிருக்கும் வாங்குபவரின் கண்ணை முதலில் வைத்துத் தொடங்கும் எந்தத் திட்டத்துக்கும் இந்தக் குறை உண்டு என்று நினைக்கிறேன்; வாங்குபவர் வேறுபக்கம் திரும்பியதும் வேலையும் நின்றுவிடும்.

1981ஆம் ஆண்டின் முடிவு

மிஷிமா வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. 1974இல் இந்த ஊர் ‘சொந்த ஊர் இயக்கம்’ ஒன்றை அறிவித்தது: நகரவாசிகள் ஆண்டுச் சந்தா கட்டிச் சிறப்புக் குடிகளாகச் சேர்ந்தால், ஊர் அவர்களைத் தன் உறவினர்போல வரவேற்கும். மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த நேரத்தில் பணமும் பார்வையாளரும் வந்தது ஒரு பயன். அதைவிடப் பெரிய பயன், வந்தவர்கள் விடுதிப் பொருள்களைவிட்டு வீட்டு மூலையில் கிடந்த பழைய கூடைகளைக் கையில் எடுத்துப் பார்த்ததுதான். ஊர்க்காரர்களுக்குக் கூச்சமாக இருந்த பொருள்களை வெளியார் விரும்பினார்கள். ஆனால் இந்த விருப்பத்தை உடனே விற்பனைப் பட்டியலாக மாற்றாமல், 1981இல் ‘வாழ்க்கைக் கைவினை இயக்கம்’ என்று இன்னொன்றை ஊர் தொடங்கியது என்பதே இந்த நிகழ்வின் மையம்.

அதன் சாசனம் சுருக்கமானது. குடும்பத்தாரும் அண்டை அயலாரும் வட்டமாக அமர்ந்து, அருகில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, முன்னோர் வழி வந்த கைத்திறத்தால், வாழ்க்கைத் தேவையிலிருந்து பிறக்கும் பொய்யில்லாத பொருளைச் செய்து, அதைத் தன் அன்றாட வாழ்வில் பயன்படுத்தி, தன் வாழ்விடத்தைத் தன் கையால் அமைத்துக்கொள்வது என்பது அதன் சாரம். விற்பது, சந்தை, வருமானம் என்ற சொற்களுக்கு அதில் முன்னிடம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் 1979இல் ஓயித்தா மாகாண ஆளுநர் ஹிரமாட்சு மொரிஹிக்கோ ‘ஓர் ஊருக்கு ஒரு பொருள்’ என்ற திட்டத்தை அறிவித்து, அது ஆசியா முழுவதும் பின்பற்றப்பட்டதை நினைத்தால் வேறுபாடு புரியும். ஓயித்தாவின் திட்டம், ஊருக்கு அடையாளமாகி வெளியே போய் வெல்லக்கூடிய பொருள் எது என்று கேட்டது. மிஷிமா தன் மக்களிடம் உங்கள் வீட்டில் இன்று எதைக் கையால் செய்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டது.

இந்தக் கேள்வியால் நடைமுறையில் மூன்று விளைவுகள் ஏற்பட்டன. முதலாவது, திறமை குறைந்தவரும் சேர முடிந்தது. விற்பனைக்கு ஏற்ற கூடை பின்னத் தெரியாதவர்கூடத் தன் வீட்டுக்கு ஒரு வடிகூடை பின்னலாம். கோணல் இருந்தால் அவர் வீட்டில்தான் இருக்கும். இரண்டாவது, முதியவர் ஆசிரியரானார். பிறருக்குப் பயன்படாத நினைவென்று தாமே நினைத்திருந்ததைத் தேடி இளையவர் வந்து கேட்டார். மூன்றாவது, கருவிகளையும் உலக்கைகளையும் மர அச்சுகளையும் எறியாமல் வைத்திருக்கக் காரணம் கிடைத்தது. சந்தை இல்லாத ஆண்டுகளிலும் வேலை நிற்காமல் ஓடியதற்கு இந்த மூன்றும் சேர்ந்தே காரணம்.

1986இல் வாழ்க்கைக் கைவினை இல்லம் திறக்கப்பட்டது. கற்கவும் காட்டவும் விற்கவும் ஓர் இடம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 1987 ஜூனில், ‘கோஜின் திருவிழா’ தொடங்கியது. கைவேலை செய்பவர்களைத்தான் ஊரில் கோஜின் என்கிறார்கள். முழுநேரக் கலைஞருக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல்காரருக்கும் ஒரே பெயர். இன்று நாடெங்கிலுமிருந்து மரம், மண், நெசவு என்று பல துறைக் கைவினைஞர்கள் வந்து கூடாரம் போடும் இந்த இரண்டு நாள்களில், ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கில் நிறைந்துவிடுகிறது. செய்தவரே நேரில் நின்று விற்கிறார் என்பதால், எந்தக் காட்டில் எந்த மாதம் கொடி எடுத்தது என்றுவரை வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது.

2003ஆம் ஆண்டு அங்கீகாரம் இதன் நீட்சி. 1974ஆம் ஆண்டு மரபுக் கைவினைத் தொழில் சட்டத்தின்படி ஒரு பொருள் பட்டியலில் சேர வேண்டுமானால், அது முதன்மையாக அன்றாட வாழ்க்கையில் பயன்படுவதாகவும், முக்கிய வேலைகள் கையால் நடப்பதாகவும், நுட்பமும் மூலப்பொருளும் ஏறத்தாழ நூறாண்டு தொடர்ச்சி உடையனவாகவும், குறிப்பிட்ட வட்டாரத்தில் போதிய எண்ணிக்கையினர் ஈடுபட்டிருப்பதாகவும் இருக்க வேண்டும். மற்றக் கைவினை ஊர்கள் பல கடைசி நிபந்தனையில்தான் தடுக்கி விழுகின்றன. நுட்பம் இருக்கும், ஆனால் செய்பவர் இரண்டு மூன்று பேரே மிஞ்சியிருப்பார்கள். மிஷிமாவில் தன் வீட்டுக்கென்று பின்னத் தொடங்கியவர்கள் ஏராளம் இருந்ததால் அந்தத் தடை எழவில்லை. தொழிலாக எண்ணாமல் வளர்த்தது தொழிலாகப் பதிவு பெறத் தகுதி பெற்றது ஒரு விந்தைதான்.

கைப்பை முந்திய கதை

அங்கீகாரத்துக்குப் பிறகு, குறிப்பாகக் கடந்த இருபது ஆண்டுகளில், காட்டுத் திராட்சைப் பட்டையால் பின்னிய கைப்பை ஜப்பானிய நகரப் பெண்களிடையே பெருமைக்குரிய பொருளாயிற்று. கிமோனோவுக்கும் பொருந்துகிறது, நவீன உடைக்கும் பொருந்துகிறது. பயன்படுத்தப் பயன்படுத்த மெருகேறி மகளுக்குக் கைமாறும் என்ற எண்ணம் விலையை நியாயப்படுத்துகிறது. சிறிய பைகூடப் பல பத்தாயிரம் யென்; பெரிய, நுண்பின்னல் பைகள் ஒரு லட்சம் யென்னை எளிதில் தாண்டும். ஒரே ஊரில், ஒரே அரசுச் சான்றின்கீழ், ஒரே கையால் செய்யப்படும் அரிசிக் கூடை இதில் சிறு பங்கு விலைக்குத்தான் போகும். அதற்குப் போட்டி நூறு யென் கடையின் பிளாஸ்டிக் வடிகூடை. கைப்பைக்குப் போட்டியோ ஐரோப்பியத் தோல்பை.

விலை வேறுபாட்டுக்கு அழகு மட்டும் காரணமென்று நினைப்பது தவறு. பொருளின் இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு. காட்டுத் திராட்சைப் பட்டையைக் காயவைத்துச் சேமிக்கலாம். ஜூனில் உரித்ததை அடுத்த ஆண்டு பிப்ரவரியிலும் அதற்கடுத்த ஆகஸ்டிலும் ஊறவைத்துப் பின்னலாம். எனவே ஆண்டு முழுவதும் ஆணை வாங்கிச் செய்துகொடுக்கும் தொழிலாக அதை நடத்த முடிகிறது. மட்டட்டபி அப்படி இடங்கொடுப்பதில்லை. நவம்பரில் வெட்டி, பச்சையாகப் பிளந்து, பனியில் வெளுத்து முடிக்கும் வேலையை வேறு மாதத்துக்கு நகர்த்த முடியாது. ஒருவர் ஒரு குளிர்காலத்தில் பின்னும் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடக் கூட்ட முடியாது. சந்தையின் நாள்காட்டிக்கு ஒத்துப்போகும் கொடி முந்தியது. காட்டின் நாள்காட்டியை விடாத கொடி பின்தங்கியது. இளைய கைவினைஞர் ஒருவர் இதை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டுமென்றால் கைப்பைக்குத் திரும்புவதில் வியப்பேதும் இல்லை, குறைசொல்லவும் எவருக்கும் உரிமை இல்லை.

இந்த மாற்றத்தின் சுமை காட்டின்மீது விழுகிறது. பின்னலுக்கு ஏற்ற நேரான, முடிச்சில்லாத, போதிய பருமனுள்ள கொடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். உரித்த கொடியிலிருந்து மீண்டும் உரிக்க முடியாது. எளிதில் எட்டும் இடங்களில் நல்ல கொடி அருகிவரும்போது மேலும் உயரே, மேலும் உள்ளே போக வேண்டியிருக்கிறது. போகிறவர்களில் பலர் அறுபது எழுபது வயதைத் தாண்டியவர்கள், போகும் இடம் கரடி நடமாட்டமுள்ள செங்குத்துச் சரிவு. இதற்கிடையில் சீனாவிலிருந்து வரும் பட்டையும், அங்கேயே பின்னி வரும் பைகளும் ஜப்பானியச் சந்தையில் மிகுதி. அவற்றுள் நல்ல வேலைப்பாடும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊரின் சான்றுச் சீட்டுக்கு இருக்கும் மதிப்பு, பின்னலின் நேர்த்தியைவிடப் பட்டை எந்த மலையிலிருந்து வந்தது என்பதற்கே உரியது.

ஆள்பற்றாக்குறைக்கு ஊர் கொடுத்த விடை கவனிக்கத்தக்கது. 2017இல் தொடங்கிய வாழ்க்கைக் கைவினைக் கல்விக்கூடத்தில், வெளியூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் சிலர் ஓராண்டு மிஷிமாவிலேயே தங்குகிறார்கள். பின்னலை மட்டும் கற்பதானால் மூன்று மாத வகுப்பு போதும். ஓராண்டு என்பதன் பொருள், ஜூனில் பட்டை உரிக்கவும் செப்டம்பரில் ஹிரோரோ பிடுங்கவும் நவம்பரில் மட்டட்டபி வெட்டவும் பனியில் கூரையைச் சுத்தம் செய்யவும் ஒருமுறையாவது கை பழக வேண்டும் என்பதே. கற்று முடித்தவர்களில் சிலர் ஊரிலேயே குடியேறியிருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டுச் சாசனத்தின் வரிசைமுறை இந்தப் பாடத்திட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: முதலில் வாழ்வது, பிறகு செய்வது, அதற்குப் பிறகு விற்பது. நகரத்துப் பட்டறைகளில் வார இறுதியில் கற்பிக்கப்படும் கொடிப்பை வகுப்புகள் இதைத் தலைகீழாக நடத்துகின்றன. அங்கே பட்டை அறுத்துச் சீராக்கப்பட்ட சுருளாக மேசைக்கு வந்துவிடுகிறது.

வீட்டில்

பயன்படுத்துபவர் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கூடைகளின் ஆயுள் பாதி வாங்கிய வீட்டில்தான் தீர்மானமாகிறது. அரிசிக் கூடைக்குச் சோப்பு வேண்டாம்; நீரில் அலசி, உதறி, காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிட்டால் போதும். ஈரத்தோடு அலமாரியில் மூடிவைப்பதுதான் அதன் முதல் எதிரி. ஜப்பானின் ஈரமான கோடையில் ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். கடும் வெயிலில் நெடுநேரம் காயவைத்தால் இழை முறுகி உடையத் தொடங்கும். காட்டுத் திராட்சைப் பைக்கு எண்ணெயோ மெருகோ தேவையில்லை. கையின் எண்ணெய்ப்பசையே போதும், எப்போதாவது உலர்ந்த தூரிகையால் இடுக்குகளைத் துடைக்கலாம். அலமாரியில் பூட்டிவைத்த பையைவிட நாள்தோறும் தூக்கிச் செல்லும் பைதான் நன்றாக இருக்கும் என்று செய்பவர்கள் சொல்வதில் விற்பனைத் தந்திரம் ஏதும் இல்லை. பயன்படாமல் கிடக்கும் பட்டை வறண்டு வெளிறிப்போகிறது.

இங்கே ஒரு முரண் தெரிகிறது. இத்தனை விலை கொடுத்து வாங்கியவர் பையை மழையில் எடுத்துச் செல்லத் தயங்குகிறார். மழையிலும் முள்ளிலும் உழைப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் உறைபோட்டுக் காக்கப்படும் பொருளாகிறது. மறுபுறம், மலிவான அரிசிக் கூடையை வாங்கியவர் அதை நாள்தோறும் நனைக்கிறார். சட்டம் கேட்கும் ‘அன்றாட வாழ்க்கைப் பயன்பாடு’ என்னும் நிபந்தனையை இன்று எந்தத் தயக்கமுமின்றி நிறைவேற்றுவது இரண்டாமவரின் சமையலறை. ஆகவே ஊரும் அரசும் ஆதரவுப் பணத்தைச் செலவிடும்போது, தன் காலில் நிற்கத் தெரிந்துவிட்ட கைப்பைக்குக் கண்காட்சி நடத்துவதைக் குறைத்து, மட்டட்டபி வெட்டப் போகும் முதியவரோடு துணைக்கு ஒருவரை அனுப்பும் கூலியையும், கொடி வெட்டும் வனப்பணியாளர் வெட்டுவதற்கு முன் ஊரின் கோஜின்களுக்குத் தகவல் சொல்லும் ஏற்பாட்டையும் கணக்கில் எடுக்கலாம். இரண்டுக்கும் பெரும்பணம் தேவையில்லை. இரண்டையும் நவம்பருக்கு முன்பு செய்தாக வேண்டும்.